அயல்நாட்டில் நம் பெருநாள்



மணம் முடித்த கையோடு அமெரிக்கா செல்லும் இளந்தம்பதியர், "அங்குள்ள பண்டிகைகளில் நாங்கள் சேரலாமா, ஹஜ்ரத்?" என்று கேட்கின்றனர்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அம்மக்கள் இரு நாட்களை விளையாடிக் களிக்கக் கண்டார்கள். அவற்றுக்குப் பகரமாக அவற்றினும் சிறந்த நோன்புப் பெருநாளையும் ஹஜ்ஜுப் பெருநாளையும் அல்லாஹ் அருளியுள்ளான் என்று அறிவித்தார்கள். ஆகவே, கிறிஸ்துமஸ் போன்று பிற மதத்தின் வணக்கத்தோடு இணைந்த நாளைக் கொண்டாடுதல் நமக்கு ஆகாது.

நவம்பர் நான்காம் வியாழனில் வரும் நன்றி தெரிவிக்கும் நாள் எப்படி? 1863-இல் ஆபிரகாம் லிங்கன் அறிவித்து, 1941-இல் சட்டத்தால் கிழமை உறுதியான நாள் அது. இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாமாக அதைக் கொண்டாடாதிருப்பதே பேணுதல். ஆயினும், அண்டை வீட்டார் அன்போடு விருந்துக்கு அழைத்தால் முகம் சுளிக்க வேண்டாம். வான்கோழி ஹலாலாக அறுக்கப்பட்டதா எனப் பணிவோடு கேளுங்கள். மது பரிமாறும் பந்தியில் மட்டும் அமராதீர்கள்.

மெய்யான அபாயம் வேறு. நம் பெருநாளன்று கணவர் வேலைக்குப் போய்விட, மனைவி தனியே கண் கலங்கியிருந்தால், நாளை பிறக்கும் பிள்ளை எதனை மகிழ்ச்சி நாளென்று அறியும்? விடுப்பு எடுங்கள். குடும்பத்தோடு தொழுகைக்குப் புறப்படுங்கள். பிரியாணி சமைத்து அண்டை வீட்டாருக்கும் அனுப்புங்கள். நியூயார்க் நகரப் பள்ளிகளே 2015-16 கல்வியாண்டு முதல் இரு பெருநாட்களுக்கும் விடுமுறை அளிக்கையில், நாம் ஏன் தயங்க வேண்டும்?

சிறுமலை வாழையைச் சமவெளியில் நட்டால் அந்த மணம் வாராது என்பர் நம்மூர் விவசாயிகள். ஈமான் அத்தகையதன்று, பேணினால் எம்மண்ணிலும் மணக்கும். அல்லாஹ் நம் பிள்ளைகளின் ஈமானைக் காப்பானாக! ஆமீன்.