சத்திரசிகிச்சையும் சங்கீதமும்

சத்திரசிகிச்சைக்கு உட்படும் நோயாளியினது அச்சத்தைச் சங்கீதத்தினாலே தணித்தல் முறையாமோ, முறையாயின் எவ்வளவில் முறையாம் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இது வைத்தியர்க்குரிய விஷயம், உபாத்தியாயர்க்கு இதனால் ஆவதென்னை எனச் சிலர் நினைத்தல் கூடும். அஞ்சிய ஒருவனைத் தேற்றும் நெறி யாது என்பது, பிறர் நலத்தைத் தங்கையிற் கொண்டார் யாவர்க்கும் பொதுவான வினாவாம்.

மயக்கமருந்து வழக்கிற்கு வருமுன், நோயாளியைப் பலர் பிடித்து அமுக்க, வைத்தியர் விரைந்து அறுப்பர். 1846ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 16ஆந் தேதி, அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரத்து மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில், வில்லியம் மோர்ற்றன் என்பவர் ஈதர் ஆவியைச் சுவாசிக்கச் செய்து, நோவறியாது சிகிச்சை நடத்தலாமெனப் பலரறியக் காட்டினார். நோவு ஒழியவே அச்சமும் ஒழியுமென எதிர்பார்த்தல் இயல்பு, அஃது ஒழிந்திலது. முற்றும் மயங்கப்போகின்றவன், மீள விழிப்பேனோ என்று அஞ்சுகின்றான். உடம்பின் ஒரு பாகம் மாத்திரம் மரக்கப்பெற்றவனோ விழித்திருந்து, ஆயுதங்கள் தட்டில் வீழும் ஒலியையும், வைத்தியர் தம்முட் பேசுஞ் சொற்களையும் கேட்கின்றான். கண்ணுக்கு இமையுண்டு, செவிக்கு அத்தகைய காவல் இல்லை.

செவி வழியாக அச்சம் புகுதலின் அவ்வழியே ஆறுதலையுஞ் செலுத்தலாமெனக் கருதினாருள் ஒருவர், பென்சில்வேனியாவிலே சத்திரவைத்தியராயிருந்த எவன் ஓநீல் கேன் என்பவர். இவர் சத்திரசிகிச்சைக் கூடத்தில் இசைத்தட்டுப் பெட்டியை இயக்கி, அதன் பயனை 1914ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்திய சங்கத்தின் பத்திரிகையில் எழுதி வெளியிட்டார். 1921ஆம் ஆண்டில், உடம்பின் ஒரு பாகத்தை மாத்திரம் மரக்கச் செய்து, தமது குடல்வாலைத் தாமே அறுத்தெடுத்தவரும் இவரே.

இக்காலத்து ஆராய்ச்சியும் இக்கருத்திற்குத் துணையாகின்றது. 2013ஆம் ஆண்டில் கொக்கிரேன் நிறுவனம் வெளியிட்ட மதிப்புரை, 2,051 பேரை உட்கொண்ட 26 பரிசோதனைகளை ஆராய்ந்து, சிகிச்சைக்கு முன் இசை கேட்டவர்க்கு அச்சங் குறைந்ததெனக் கண்டது. 2015ஆம் ஆண்டில் லான்செற் பத்திரிகையில் வெளிவந்த ஆராய்ச்சி, 73 பரிசோதனைகளைத் தொகுத்து, இசை கேட்டவர்க்குச் சிகிச்சையின்பின் நோவும் அச்சமும் குறைந்தன, நோவு தணிக்கும் மருந்தும் குறைவாகவே வேண்டியிருந்தது என்று கூறியது. இசை கேட்பவன் தான் கேட்பதை அறிவானாதலின், இத்தகைய பரிசோதனைகளை ஐயமற நடத்துதல் அரிது. ஆயினும், செலவு சிறிது, தீங்கு அரிது, பயன் கண்கூடு.

அச்சத்தை அறிவினால் வெல்லுவதே ஆண்மை, இசையினால் மறப்பது பேதைமை என்பார் உளர். அறிவு தெளிந்தபின்னும் உடம்பு நடுங்குதலையும் நெஞ்சு படபடத்தலையும் அவர் எண்ணிலர். உடம்பின் நடுக்கத்தோடு வாதாடுதல் பயன்றராது. அதனைத் தாலாட்டலே தக்கது. ஆதலின் இசை இகழத்தக்கதன்று.

எனினும், உடம்பின் நடுக்கம் அச்சத்தின் ஒரு கூறே. மற்றொரு கூறு வினா. எனக்கு யாது செய்யப்போகின்றீர்கள்? எவ்வளவு நேரஞ் செல்லும்? நோவுமோ? பிழைப்பேனோ? இவ்வினாக்களுக்கு விடை பெறும் உரிமை நோயாளிக்கு உண்டு. விடை கூறாது இசையை எழுப்புவோமாயின், யாம் அவனைத் தேற்றினேமல்லேம். அவன் வாயை அடைத்தேமாவோம். அமைதியுற்றவனும் கேட்கப்பெறாதவனும் புறத்தார்க்கு ஒரேவிதமாகத் தோன்றுவர். அபாயம் அங்கேதான் இருக்கின்றது.

2019ஆம் ஆண்டில் வெளிவந்த, பென்சில்வேனியாச் சர்வகலாசாலையாரின் பரிசோதனை ஒன்று இதனைத் தெளிவாக்கும். நரம்பை மரக்கச் செய்யும் ஊசி ஏற்றுமுன், 157 பேருள் ஒருசாரார்க்கு மிடசோலாம் என்னும் அச்சந்தணிக்கும் மருந்தும், ஏனையோர்க்கு ஹெட்போன் வழியாக இசையும் அளித்தனர். இருசாரார்க்கும் அச்சம் ஏறக்குறைய ஒப்பக் குறைந்தது. ஆயின், இசை அளித்தவிடத்துப் பேசிக்கொள்ளுதல் கடினமாயிருந்ததென நோயாளரும் வைத்தியரும் கூறினர். ஆயுத ஒலியை மறைத்த கருவி, ஆறுதற் சொல்லையும் மறைத்தது.

இனி, அவ்விசை யாருடையது என்பதும் நோக்கத்தக்கது. ஆங்கில தேசத்தில் 20 சத்திரசிகிச்சைகளைப் படமெடுத்து ஆராய்ந்து 2015ஆம் ஆண்டில் வெளியிட்டோர், கூடத்தில் இசை ஒலித்தபோது, ஒருவர் வேண்டியதை மீண்டும் வேண்டிக் கூறநேர்தல் ஐந்து மடங்காயிற்றென்றனர். வைத்தியர் தம் உவப்பிற்கு ஒலிப்பிக்கும் இசையால் நோயாளிக்குத் தீங்கு நேருமாயின், அதனை அவன்பொருட்டு என்று கூறுதல் பொய்யாம். இசையை நோயாளி தெரிந்தாலென், பிறர் தெரிந்தாலென், பயனில் மிக்க வேறுபாடில்லை என்று மேலே கூறிய லான்செற் ஆராய்ச்சி சொல்லுகின்றதே எனின், அது பலரைக் கூட்டிக் கண்ட கணக்கு. மேசைமேற் கிடப்பவன் ஒருவன். பலர்க்கு மணவிழாவை நினைப்பிக்கும் நாதசுரம், அவனுக்கு இறந்த மனைவியை நினைப்பித்தல் கூடும். அசைதற்கும் விலகுதற்கும் இயலாதவன் செவியில், அவன் வேண்டாததைப் புகுத்துதல் அன்பாகாது.

ஆகவே முறை இதுவாம்: முதலில் அவன் வினாவைக் கேட்டு, மெய்யான விடையை அவனுக்கு விளங்குஞ் சொற்களிற் கூறுக. அடுத்து, இசை வேண்டுமோ, எவ்விசை வேண்டும் என்று கேட்க. வேண்டாமெனின் அமைக. அதன்பின் இசைக்க. இடையில் அவன் பேசவிரும்பின், இசை தாழ, மனிதக் குரல் மேற்படுக. திருவள்ளுவர் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் நோயாளியையும் அருகிருந்து பேணுவோனையும் சேர்த்தெண்ணினமை ஈண்டு நினைக்கத்தக்கது. இசை, பேணுவோனுடைய கையிலுள்ள ஒரு கருவி. பேணுவோனுக்குப் பதிலாக நிற்பதன்று.

உபாத்தியாயர்களே, பாலர் வகுப்பிலே புதிதாகச் சேர்ந்து அழும் பிள்ளைக்குப் பாட்டுப் பாடிக் காட்டுகின்றோம், அழுகை ஓய்கின்றது. அது நன்றே. அப்பிள்ளை யாது கண்டு அஞ்சிற்று என்று கேட்டபின் பாடினோமா, கேளாமலே பாடினோமா என்பதை நாம் ஒவ்வொருவரும் நம் நெஞ்சையே வினவுவோமாக.