மறுநாள் வலியும் தவமும்

பிள்ளையார் முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு போடும் தோப்புக்கரணமும், வீட்டுப்பாடம் எழுதாத பையனை வாத்தியார் போடச் சொல்லும் தோப்புக்கரணமும் தொடைக்கு ஒன்றுதான். ஆறு மாதமாக உட்கார்ந்தே பழகிய உடம்பு திடீரென்று ஐம்பது தோப்புக்கரணம் போட்டால், மறுநாள் காலையில் சுவரைப் பிடிக்காமல் உட்காரவோ எழவோ முடியாது. பக்தியில் போட்டிருந்தாலும், தண்டனையாகப் போட்டிருந்தாலும், தொப்பையைக் குறைக்கப் போட்டிருந்தாலும் அதே வலிதான். ஆனால் வலி என்று ஒன்று வந்துவிட்டால் மனம் அதற்கு அர்த்தம் தேடாமல் இருப்பதில்லை. “இத்தனை நாள் சோம்பிக் கிடந்ததற்கு நன்றாக வேண்டும்” என்பார் ஒருவர். “வலிக்கிறதா, அப்படியானால் பலன் கிடைக்கிறது” என்பார் இன்னொருவர். முன்னவருக்கு வலி தண்டனை, பின்னவருக்கு அது தவம். இரண்டு கணக்குமே தப்பு என்பதுதான் என் கட்சி. விட்டதை மறுபடி தொடங்க வந்த ஒருவரைப் பாதியில் திருப்பி அனுப்புபவை இந்தக் கணக்குகள்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

முதலில், இந்த வலி எங்கிருந்து வருகிறது? லாக்டிக் அமிலம் தேங்கிவிடுவதால் வருகிறது என்று உடற்பயிற்சிக் கூடங்களில் இன்றும் சொல்கிறார்கள். அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். வலியோ ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்கு வரும். 1902இலேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர், தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல்களே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். 1983இல் நடந்த ஓர் ஆய்வு விஷயத்தை இன்னும் தெளிவாக்கியது. சமதளத்தில் ஓடியவர்களுக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறியது, பின்னால் வலி வரவில்லை. சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு அமிலம் ஏறவில்லை, வலி வந்தது. தசை சுருங்கி இழுக்கும்போது அல்ல, பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீளும்போதுதான் அதிகம் நோகிறது. இடுப்பிலிருக்கும் தண்ணீர்க் குடத்தைத் தரையில் மெல்ல இறக்கி வைக்கும்போது கையில் நடப்பது இதுதான். வெள்ளியங்கிரி மலை ஏறுகிறவர்களுக்கு மூச்சு வாங்குவது ஏறும்போது; தொடை அடி வாங்குவது பெரும்பாலும் இறங்கும்போது.

இந்தச் சின்ன உண்மை தண்டனைக் கணக்கை அசைத்துவிடுகிறது. வலி சோம்பலுக்கான கூலி என்றால், நாள் தவறாமல் சமதளத்தில் ஓடுகிறவர் முதன்முறை மலையிறங்கிவிட்டு ஏன் நொண்ட வேண்டும்? வருஷம் முழுக்க வயலில் குனிந்து நிமிர்கிறவருக்கும் பழக்கமில்லாத புது வேலையைக் கொடுத்தால் மறுநாள் உடம்பு நோகத்தான் செய்யும். அவரைச் சோம்பேறி என்று யார் சொல்வது? “விதைத்ததைத்தானே அறுக்கிறோம், வினைப்பயன் என்பது வேறென்ன?” என்று ஒருவர் கேட்கலாம். காரணம் இருந்தால் காரியம் உண்டு என்ற அளவில் அது சரி. ஆனால் இங்கே காரணம் குணக்கேடு அன்று, தசைக்கு அந்த அசைவு பழக்கமில்லாமல் போனது, அவ்வளவுதான். பயிற்சி விட்டுப்போனதற்குப் பிரசவமோ, டைபாய்டோ, அப்பாவின் படுக்கை அருகே கழிந்த மாதங்களோ காரணமாக இருந்திருக்கலாம். அந்த நாட்களைப் பாவமாக எண்ணிக் குமைகிறவர் மேல் புத்தர் சொன்ன இரண்டாவது அம்பு பாய்கிறது. முதல் அம்பு உடம்பின் வேதனை. அதை நினைத்து மனம் தானே எய்துகொள்வது இரண்டாவது. முதலாவது நாலைந்து நாளில் ஆறிவிடும்.

தவக் கணக்கு இன்னும் ஆழமாக வேரூன்றியது. வலிக்காமல் உடம்பு தேறுமா என்பது அதன் கேள்வி. தேறும். ஒருமுறை நொந்த தசைக்குச் சில வாரம் கழித்து அதே வேலையைக் கொடுத்தால் வலி பெருமளவு குறைந்திருக்கும் என்பது திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட உண்மை. வலி குறைந்த பின்னும் வாரக்கணக்கில் வலு ஏறிக்கொண்டே போகிறது. வலியின் அளவும் தசைக்குள் ஏற்பட்ட சேதத்தின் அளவும்கூட ஒத்துப்போவதில்லை. உழைப்பு கூடக் கூடக் குறைகிற ஒன்றை உழைப்பின் அளவுகோலாக எப்படி வைத்துக்கொள்வது?

நம் மரபே உடலை வருத்தத்தானே சொல்கிறது என்பது அடுத்த தடை. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. சமணம் உடலை வருத்துவதைத் தவங்களில் ஒன்றாக வைத்தது. ஆனால் புறத்தவத்தில் வைத்தது, தியானத்தை அகத்தவத்தில் வைத்தது. வள்ளுவர் தவத்தின் வடிவத்தைச் சொல்லும்போது இரண்டைச் சொல்கிறார்: தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பது, பிற உயிர்களுக்குத் துன்பம் செய்யாதிருப்பது. அந்தத் துன்பம் உணவைக் குறைப்பது முதலான நோன்புகளால் வருவது என்று பரிமேலழகர் உரை எழுதுகிறார். அப்படியே கொண்டாலும், நோன்பின் வழியில் துன்பம் வந்து சேர்கிறது, அதைப் பொறுப்பதுதான் தவம். தேடிப் பிடித்துச் சேர்ப்பது அன்று. அதே அதிகாரத்தில் வள்ளுவர் நெருப்பில் சுடப்படும் பொன்னை உவமையாக்குகிறார். பட்டறையில் ஊதுகுழலோடு உட்கார்ந்திருக்கும் ஆசாரியைப் பாருங்கள்: அவர் கண் பொன்னின் மேல் இருக்கிறது, தணலை எத்தனை நாழிகை ஊதினோம் என்பதில் இல்லை. கீதையின் பதினேழாம் அத்தியாயம் மூடப் பிடிவாதத்தால் தன்னையே வதைத்துச் செய்யும் தவத்தைத் தாமசம் என்று தள்ளுகிறது. உடம்பை முதலில் இழுக்கென்று எண்ணியிருந்ததாகவும், பிறகு அதற்குள்ளேயே இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டு பேணத் தொடங்கியதாகவும் திருமூலர் சொல்கிறார். கோயில் சுவரைத் தினம் இடித்துப் பார்த்தா அதன் உறுதியைச் சோதிப்போம்?

எனவே விட்டதைத் தொடங்குகிறவர் முன்பு செய்ததில் பாதியோ அதற்கும் குறைவாகவோ தொடங்குவதில் குறைவேதும் இல்லை. ஐம்பது போட்ட இடத்தில் பத்துப் போதும். வலிக்கும் நாளில் மெல்ல நடக்கலாம். மறுநாளும் அதே தொடையைப் பிழிய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்ளவே கூடாது: கை கால் மிகவும் வீங்கினாலோ, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் நிலையாக அது இருக்கலாம்.

அளவறிந்து முயல்வதைப் பற்றி, பௌத்தத் துறவிகளின் ஒழுங்குவிதிகளைச் சொல்லும் விநய நூல்களில் சோணன் என்ற இளைஞனின் கதை வருகிறது. சம்பா நகரத்துச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. உள்ளங்காலில் முடி முளைத்திருக்கும் அளவுக்கு மென்மையாக வளர்ந்தவன். துறவியானதும் ஓயாமல் உலாத்தியே தியானம் செய்தான். பாதம் கிழிந்து, நடைபாதை கசாப்புக் கூடம் போல ரத்தமானது. இவ்வளவு பாடுபட்டும் பலனில்லையே, வீட்டுக்கே போய்விடலாமா என்று நினைத்தான். புத்தர் வந்து, நீ வீணை வாசித்தவன் ஆயிற்றே, நரம்பை அதிகம் முறுக்கினால் இசை வந்ததா, தளர்த்திவிட்டால் வந்ததா என்று கேட்டார். சோணன் அளவைக் கண்டுகொண்டு தொடர்ந்து நடந்தான், முழு ஞானம் பெற்ற அரஹந்தன் ஆனான். அதற்குப் பிறகு புத்தர் அந்த ரத்தப் பாதங்களை மற்றத் துறவிகளுக்கு முன்மாதிரியாகக் காட்டவில்லை. சோணனுக்குச் செருப்பு அணிய அனுமதி கொடுத்தார். தனக்கு மட்டும் என்றால் வேண்டாம் என்று அவன் சொன்னதும், சங்கத்தார் எல்லோருக்கும் கொடுத்தார்.