செருப்புக்குக் காவல்

மியூனிக்கில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் லீவுக்கு எங்கே போகலாம் என்று சும்மா யோசிக்கிற ஆள் இல்லை. எக்ஸெல் ஷீட் போடுகிறவன். இந்த முறை வடக்கு இத்தாலியில் உள்ள கார்டா ஏரி. ஐந்து நாள், மலை சைக்கிள், மனைவியோடு. ஷீட்டை எனக்கும் அனுப்பியிருந்தான்.

கார்டா இத்தாலியின் மிகப் பெரிய ஏரி. சுமார் 370 சதுர கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 65 மீட்டர் உயரம்தான். ஆனால் வடக்கு முனையில் ரிவா, டோர்போலே என்ற ஊர்களுக்குப் பக்கத்தில் மலை சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது. காலையில் வடக்கிலிருந்து ‘பெலேர்’ என்றொரு காற்று, மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து ‘ஓரா’ என்றொரு காற்று. கரையில் ஆலிவ், எலுமிச்சை, ஐஸ்க்ரீம். மேலே கல்லும் புழுதியுமாகப் பாதைகள். ஐரோப்பாவின் மலை சைக்கிள்காரர்களுக்கு அது ஒரு பழனி. பழனி என்று தெரியாமல் சொல்லவில்லை, பிறகு வருகிறேன்.

ஷீட்டில் முதல் நாள் பொனாலே பாதை. மூன்றாம் நாள் டிரெமால்சோ கணவாய், 1,500 மீட்டருக்கும் மேல் ஏற்றம். எல்லாம் அவன் பெயருக்கு நேராக. மனைவி பெயருக்கு நேரே ஐந்து நாளும் ஒரே வார்த்தை: ‘ஏரிக்கரை’.

போனில் கேட்டேன். “அவளால ஏற முடியாது மாமா. பேட்டரி சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம்னு சொல்றா. அது ஏமாத்து வேலை. மோட்டார் தள்ளிவிட்டு மேல போய் நின்னா, அது ஏறினதா ஆகுமா?”

பின்னாலிருந்து அவள் குரல்: “நான் என்ன மெடலா கேட்டேன் மாமா? இவரோட மேல நின்னு அந்த ஏரியைப் பார்க்கணும். அவ்வளவுதான்.”

இருவரும் என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். நீங்களாயிருந்தால் என்ன சொல்வீர்கள்?

அவசரப்பட்டு அவனைத் திட்டிவிடாதீர்கள். அவன் கட்சிக்கு வலுவான வக்கீல்கள் இருக்கிறார்கள். 1974-இல் ராபர்ட் நாஸிக் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஒரு கற்பனை மெஷினைச் சொன்னார். அதில் படுத்துக்கொண்டால் எந்த அனுபவம் வேண்டுமானாலும் நிஜம் போலவே கிடைக்கும். படுப்பீர்களா என்று கேட்டார். நம்மில் பலர் தயங்குவோம். ஏனென்றால் மலை ஏறிய உணர்ச்சி மட்டும் நமக்குப் போதாது, ஏறியிருக்கவும் வேண்டும்.

இன்னொருவர் பெர்னார்ட் சூட்ஸ். 1978-இல் எழுதிய புத்தகத்தில் விளையாட்டு என்றால் என்ன என்பதற்கு ஒரு விளக்கம் தந்தார். தேவையே இல்லாத தடைகளை நாமாக விரும்பி ஏற்றுக்கொண்டு தாண்ட முயல்வதுதான் விளையாட்டு. கோல்ஃப் பந்து குழியில் விழுவதுதான் முக்கியமென்றால் கையால் எடுத்துப் போட்டுவிடலாமே! அந்தக் கணக்கில், காலால் மட்டுமே ஏறுவது என்று முடிவெடுத்தவனுக்கு மோட்டார் என்பது ஃபவுல்தான்.

ஆனால் ‘விரும்பி’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஃபவுல் என்பது அந்த ஆட்டத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான். கேரம் ஆடுகிறவளிடம் போய், செஸ் விதிப்படி நீ அவுட் என்று சொல்ல முடியுமா? அவள் ஆட வந்தது ‘இவரோடு மேலே நின்று பார்ப்பது’ என்ற வேறு ஆட்டம்.

தவிர, ஐரோப்பாவில் சைக்கிள் என்ற கணக்கில் ஓடும் பேட்டரி வண்டிகள் ஸ்கூட்டர் மாதிரி இல்லை. பெடல் மிதித்தால்தான் மோட்டார் உதவும். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் உதவி நின்றுவிடும். வியர்க்கத்தான் செய்யும், கொஞ்சம் குறைவாக.

“உன் சைக்கிள்ல எத்தனை கியர்?” என்று கேட்டேன்.

“பன்னெண்டு.”

“கியரே இல்லாம ஏறுறவன் உன்னை என்ன சொல்வான்?”

பதில் இல்லை.

அவன் ஏறப்போகும் பாதைகளின் கதையையும் சொன்னேன். பொனாலே பாதை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பாறையைக் குடைந்து போட்டது. மேலே லெட்ரோ பள்ளத்தாக்கில் இருந்தவர்கள் ரிவாவுக்கு வந்துபோகப் பட்ட பாடு குறையட்டும் என்றுதான் போட்டார்கள். பிறகு வண்டிகளுக்கு மலைக்குள் சுரங்கச் சாலை வந்தது. பழைய பாதை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மிஞ்சியது. ஆக, சிரமத்தைக் குறைக்கப் போட்ட சாலையில்தான் இவன் சிரமத்தைத் தேடிப் போகிறான்.

டிரெமால்சோ பாதை இன்னும் கடுமை. 1915-இல் இத்தாலி ஆஸ்திரியாவோடு போரில் இறங்கியபோது ரிவா ஆஸ்திரியா கையில் இருந்தது. எல்லை இந்த மலைகளில்தான். இன்று சைக்கிள் ஓடும் அந்த வளைவுகளும் குகைகளும் ராணுவத்துக்காக வெட்டப்பட்டவை. “ஏறுகிறாயா தம்பி?” என்று அந்தச் சிப்பாய்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதே மேடு, அதே மூச்சிரைப்பு. ஒருவனுக்குத் தண்டனை, இன்னொருவனுக்கு லீவு. அப்படியானால் சிரமத்துக்குத் தன்னளவில் எந்தப் புனிதமும் கிடையாது. நாமாகத் தேர்ந்தெடுத்தோமா என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. நான் தேர்ந்தெடுத்த கஷ்டத்தை அடுத்தவர் மேல் அளவுகோலாக வைத்தால், அந்த நிமிஷமே அது கர்வமாகிவிடுகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அம்மாவோடு வருஷா வருஷம் பழனிக்குப் போவோம். படியேறித்தான் போவோம். விஞ்ச் க்யூவில் நிற்பவர்களைப் பார்த்து, “இவங்கள்லாம் டூர் வந்தவங்கம்மா, நாமதான் சாமி கும்பிட வந்தவங்க” என்று சொல்வேன். அம்மா சிரிப்பாள். இளவயசுக் கொழுப்பு.

ஒரு வருஷம் அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு, “நீங்க போயிட்டு வாங்க, நான் செருப்பைப் பார்த்துக்கறேன்” என்றாள். விஞ்ச் கண்ணெதிரே போய்வந்துகொண்டிருந்தது. அவள் கேட்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. அடுத்த வருஷமும் செருப்புக்குக் காவல் இருந்தாள். அதற்கடுத்த வருஷம் அவள் இல்லை.

விஞ்சில் போயிருந்தால் முருகன் பாதி அருள்தான் தந்திருப்பானா? எனக்குத் தெரிந்த முருகன் அப்படிப்பட்டவன் இல்லை. கணக்குப் பார்த்தது நான்தான்.

இதை அவனிடம் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவனுக்கு அது பாட்டி.

நானாக எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் சொன்னேன். மோட்டார் ஏற்றிவிடும், இறக்கிவிடாது. இறக்கத்தில் பிரேக் பிடித்து வண்டியை அடக்கக் கை பழகியிருக்க வேண்டும். அதனால் அவளை முதல் நாளே டிரெமால்சோவுக்கு இழுத்துக்கொண்டு போகாதே. கிழக்குக் கரையில் மால்செசினே என்ற ஊரிலிருந்து கேபிள் கார் இருக்கிறது, 1,760 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும். அதுவும் ஒரு விஞ்ச்தான், வெட்கப்படாதே.

மறுநாள் புது ஷீட் வந்தது. பொனாலேவுக்கு இரண்டு பேர், ஒரு பேட்டரி சைக்கிள். டிரெமால்சோ அவன் மட்டும், அவன் ஆட்டம், அவன் விதி. மற்ற மூன்று நாளும் அவள் பெயருக்கு நேரே ‘ஏரிக்கரை’ என்பதை அழித்துவிட்டு, ‘அவளைக் கேட்கணும்’ என்று போட்டிருந்தான்.

நீங்கள் போடுகிற பிளான்களிலும் யார் பெயருக்கு நேரே ‘ஏரிக்கரை’ என்று இருக்கிறது, ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அவர்கள் தானாகக் கேட்க மாட்டார்கள். செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொல்வார்கள்.