அறியாமையை யார் சுமப்பது?

அமெரிக்காவில் செவிலியராகவோ அரசுப் பள்ளி ஆசிரியராகவோ உளவள ஆலோசகராகவோ வேலை பார்க்கப் பட்டம் மட்டும் போதாது, உரிமம் வேண்டும். அதைக் கூட்டாட்சி அரசு தருவதில்லை. ஐம்பது மாநிலங்களும் தொழிலுக்கொரு வாரியம் வைத்துத் தத்தம் விதிப்படி தருகின்றன. எத்தனை மணிநேரம் மேற்பார்வையில் பயிற்சி பெற வேண்டும், எந்தத் தேர்வு எழுத வேண்டும், எந்தப் பாடம் கட்டாயம் என்பதெல்லாம் மாநில எல்லையைத் தாண்டினால் மாறிவிடும். நேரில் போய்ப் படிக்கும் கல்லூரிக்கு உள்ளூர் வாரியம் என்ன கேட்கும் என்பது தெரியும். இணையவழிப் பல்கலைக்கழகம் வந்தபின் அந்த நெருக்கம் போயிற்று. அரிசோனாவில் பதிவான பல்கலைக்கழகம் ஒன்றில், ஓரிகனில் வசிப்பவர் ஒருவர் முதுகலை படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, பட்டமும் பெற்று, வாரியத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அந்தப் படிப்பு ஓரிகனுக்குப் போதாது என்று தெரிகிறது. பட்டம் போலியில்லை, பாடமும் மோசமில்லை. எதற்காகப் படித்தாரோ அது மட்டும் கிடைக்கவில்லை. கூட்டாட்சி அரசின் மாணவர் கடனோ, திவால் ஆனாலும் எளிதில் கழியாது. இந்த நட்டம் யார் கணக்கில் சேர வேண்டும்?

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி விதி இதற்கு ஒரு பதில் சொல்லிப் பார்த்தது. உரிமத்துக்கு வழிசெய்யும் படிப்பு என்று சொல்லி நடத்தப்படும் ஒவ்வொரு படிப்புக்கும் பல்கலைக்கழகம் மூன்று பட்டியல் வெளியிட வேண்டியிருந்தது: தகுதி பெறும் மாநிலங்கள், பெறாத மாநிலங்கள், இன்னும் தீர்மானிக்கப்படாத மாநிலங்கள். அறநெறிப்படி ஆராய வேண்டியது மூன்றாவது பட்டியலைத்தான். மேலோட்டமாகப் பார்த்தால் அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் தெரியாது என்று ஒப்புக்கொள்வது நேர்மையாவது, தெரிந்துகொள்ள வழியில்லாதபோதுதான். ஒரு மாநிலத்தின் விதியைப் படித்துப் பாடத்திட்டத்தோடு ஒப்பிடும் வேலையைப் பல்கலைக்கழகம் ஒருமுறை செய்தால் அங்கிருந்து சேரும் எல்லோருக்கும் பயன்படும். அது செய்யாவிட்டால் அதே வேலையை ஒவ்வொரு மாணவரும், அதுவும் இன்னும் படித்தே பாராத பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு, தனித்தனியே செய்தாக வேண்டும். ஒரு மாநிலத்தில் விளம்பரம் செய்து ஆள் சேர்க்கத் தெரிந்த நிறுவனத்துக்கு அந்த மாநிலத்தின் வாரியம் என்ன கேட்கிறது என்று மட்டும் தெரியாமல் இருப்பது தற்செயலா? விசாரித்தால் செலவு, விசாரிக்காவிட்டால் வரவு என்ற நிலையில் நீடிக்கும் அறியாமையில் ஆதாயம் கலந்திருக்கிறது. விசாரிக்காத நிறுவனம் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மாணவருக்கு விளைவதோ பொய் சொன்னால் என்ன விளையுமோ அதேதான்.

2024 ஜூலை 1 முதல் விதி இறுகியது. சேரும்போது மாணவர் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அங்கே உரிமத்துக்குத் தேவையான கல்வித்தகுதியைப் படிப்பு நிறைவுசெய்கிறது என்று பல்கலைக்கழகமே தீர்மானித்தாக வேண்டும். தீர்மானிக்கவில்லை என்று கைவிரிக்க இடமில்லை. வேறு மாநிலத்தில்தான் வேலை தேடப்போகிறேன் என்று மாணவர் எழுத்தில் உறுதி தந்தால் அந்த மாநிலத்தைக் கணக்கில் கொள்ளலாம், விலக்கு அவ்வளவுதான். சரியான திசை என்றே சொல்ல வேண்டும். ஆனால் கடமையை வகுத்தால் மட்டும் போதுமா? அது மீறப்படும்போது மாணவர் எந்தக் கதவைத் தட்டுவார் என்பதும் அதே கடமையின் பகுதிதானே?

அந்தக் கேள்விக்கு வந்தால் ‘சாரா’ எனப்படும் மாநிலங்களிடை ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியா தவிர 49 மாநிலங்களும் அதில் உண்டு. முன்பு மாநிலம் மாநிலமாக அனுமதி வாங்க வேண்டியிருந்த பல்கலைக்கழகத்துக்கு இப்போது தாய் மாநிலத்தின் ஒப்புதல் போதும். தொழில் உரிமங்களுக்கு இந்த ஒப்பந்தம் பொருந்தாது என்பதைக் கவனிக்க வேண்டும்: நிறுவனம் எல்லை தாண்டிவிட்டது, அது தரும் பட்டம் தாண்டவில்லை. புகாருக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் பல்கலைக்கழகத்தின் சொந்த நடைமுறை. அதில் தீராவிட்டால் பல்கலைக்கழகத்தின் தாய் மாநில அமைப்பு. ஓரிகன் மாணவர் அரிசோனாவிடம் முறையிட வேண்டும். மதிப்பெண் பற்றிய புகார்களை இந்த வழியில் ஏற்பதில்லை. அது நியாயமே, ஆசிரியரின் திருத்தத்தை அரசு அலுவலகம் மறுதிருத்தம் செய்ய முடியாது. இடிப்பது காலக்கெடுதான். நிகழ்வு நடந்த இரண்டாண்டுக்குள் மேல்முறையீடு செய்தாக வேண்டும். சேர்க்கையின்போது சொன்ன தவறான தகவலையே நிகழ்வு என்று கொண்டால், மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து வாரியம் மறுக்கும்போது கெடு முடிந்தே போயிருக்கும். இந்த வகைக் குறை வெளிப்படும் முன்பே காலாவதியாகும்படி கெடு அமைந்திருக்கிறது. ஏமாற்று வேலை என்றால் மாணவர் வசிக்கும் மாநிலத்தின் பொதுவான நுகர்வோர் சட்டம் இன்னும் துணைக்கு வரும் என்பது உண்மை. ஆனால் அதில் நிற்க ஏமாற்று நடந்தது என்று காட்ட வேண்டும். வெறும் அலட்சியம் பலவேளை அந்த அளவுக்கு வராது.

மறுப்புகளில் வலுவானது சிறு கல்லூரிகளின் தரப்பிலிருந்து வருகிறது. ஐம்பது மாநில விதிகளைக் கண்காணிக்க ஆளில்லாத கல்லூரி, சிக்கலே வேண்டாம் என்று சில மாநிலங்களில் சேர்க்கையை நிறுத்திவிடும். பக்கத்தில் வேறு கல்லூரி இல்லாத கிராமத்து மாணவருக்கு இருந்த ஒரே வழியும் அடைபடும். இதை ஒதுக்கித்தள்ள முடியாது. ஆனால் அந்த மாணவர் இழப்பது எதை? உரிமம் தராத படிப்பின் கதவு மூடினால் அவருக்குப் பணமும் ஆண்டுகளும் மிச்சம். உரிமம் தரக்கூடிய படிப்பைக் கல்லூரி சோம்பலால் மூடினால்தான் இழப்பு. அதற்கு மருந்து, வாரியங்கள் தம் விதிகளைத் தெளிவாக வெளியிடுவதும் கல்லூரிகள் கூடி அந்த ஆய்வைப் பகிர்ந்துகொள்வதும். சேர்ந்தபின் வாரியம் விதியை மாற்றினால் பல்கலைக்கழகத்தைக் குற்றம் சொல்வது அநியாயம். அப்போது அதன் கடமை உடனே சொல்வது. தகுதி இல்லை என்று தீர்மானித்த 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2020 விதி வைத்த அளவு சரியானது. மாணவர் குழந்தையல்ல, தாமே விசாரிக்கட்டும் என்பது இன்னொரு வாதம். ராணுவத்தினரின் மனைவியோ கணவனோ, எங்கே இடமாற்றம் வரும் என்று தெரிந்தே, வேறு மாநிலத்துக்கென எழுத்துறுதி தந்து சேரலாம். அந்த முடிவை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் சேர்க்கை அலுவலர் நீட்டும் படிவங்களுக்கு நடுவே டிக் செய்யும் ஒரு கட்டமாக அந்த எழுத்துறுதி மாறிவிட்டால், அது மாணவரின் முடிவாகாது. தாமே போராடி வென்றவரும் உண்டு: மாசசூசெட்ஸில் இணையவழிச் சட்டக் கல்லூரியில் படித்த ஒருவர் வழக்கறிஞர் தேர்வெழுத 2008இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அவர் சட்டம் படித்தவர், வாதாடத் தெரிந்தவர். செவிலியர் படிப்பு முடித்தவரிடம் அதே திறனை எதிர்பார்ப்பது நியாயமா?

ஆகவே புகாரின் இரண்டாண்டுக் கெடு, வாரியத்தின் மறுப்புக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். இப்படிச் செய்தால் பல்கலைக்கழகத்தின் தலைமேல் பொறுப்பு முடிவின்றித் தொங்கும் என்பார்கள். அதை முடித்துக்கொள்ளும் வழி அதன் கையிலேயே இருக்கிறது. சேர்க்கை நாளன்று, இந்தப் படிப்பு உங்கள் மாநிலத்தில் உரிமத்துக்குத் தகுதி பெறும் அல்லது பெறாது என்று ஆராய்ந்து எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட அந்தத் தாளின் நகலைத் தானும் வைத்துக்கொண்டால், பிறகு வரும் புகாருக்கு அந்த நகலே பதிலாகும்.