முகமும் வாய்மையும்

மனிதன் உலகிலுள்ள முகங்களையெல்லாம் காண வல்லவன். தன் முகம் ஒன்றை மட்டும் நேரே காண இயலாதவன். நீரிலும் கண்ணாடியிலும் பிறர் கண்களிலுமே அவன் அதனை அறிந்து வந்தான். 1839இல் டகேரின் புகைப்பட முறை பாரிசில் வெளியிடப்பட்ட பின்னர் இந்நிலை மாறியது. அரசர்க்கும் செல்வர்க்கும் உரியதாயிருந்த உருவப்படம் படிப்படியாகப் பொதுமக்களுக்கும் உரியதாயிற்று. ஆயினும், முகம் படமாகியதும் அப்படத்தைத் திருத்தும் கையும் உடன் தோன்றிவிட்டது. இன்று கணினி மென்பொருளைக் கொண்டு உருவப்படங்களை ‘இயற்கையாக’த் திருத்துதல் ஒரு தொழிலாகவும், கைத்தொலைபேசி உடையோர் யாவர்க்கும் எளிய பழக்கமாகவும் அமைந்துள்ளது. இவ்வாறு திருத்துதல் அறத்தோடு பொருந்துமா? பொருந்துமாயின் அதன் எல்லை யாது? இவையே ஈண்டு ஆராயப்படும் வினாக்கள்.

இத்தகைய வினாவை வெறுவெளியில் வைத்து ஆராய்தலினும் ஓரூரில் வைத்து ஆராய்தல் நன்று. புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாட்டில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ அமைந்தது மாம்புரி. அதன் கரையிலே 2010இல் நிறுவப்பட்ட காற்றாலைகள் சுழல்கின்றன. கடற்றொழிலும் மணல் நிலப் பயிர்ச்செய்கையும் அப்பகுதி மக்களின் வாழ்வாதாரங்கள். அவ்வூர்க் கடற்றொழிலாளி ஒருவர் தம் மகளின் திருமண நாளன்று, கடற்கரை மணலில் நின்று எடுத்துக்கொண்ட படம் திருத்துபவரின் கணினிக்கு வருவதாகக் கொள்ளலாம். திருத்துபவர் மூன்று செயல்களைச் செய்கிறார். அன்று காலை முகம் மழிக்கையில் ஏற்பட்ட சிறு வெட்டை நீக்குகிறார். பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தால் இருண்டுபோன முகத்தைத் தெளிவாக்குகிறார். மூன்றாவதாக, தோலின் நிறத்தை வெளுப்பாக்கி, நெற்றியின் பழைய தழும்பையும் கண்ணோரச் சுருக்கங்களையும் அழிக்கிறார். மூன்றுக்கும் வழங்கும் பெயர் ஒன்றே: திருத்தம். ஆனால் மூன்றும் ஒரே தன்மையன ஆகுமா?

திருத்தக் கலை கணினியோடு பிறந்ததன்று. 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் ஜெர்மானியப் புகைப்படக்காரரான பிரான்ஸ் ஹான்ப்ஸ்டேங்கல், திருத்திய உருவப்படத்தையும் திருத்தாத உருவப்படத்தையும் மக்கள் பார்வைக்கு வைத்தார். முகச்சுருக்கத்தின் நிழல் நெகற்றிவ் தகட்டிலே தெளிந்த கோடாகத் தோன்றும். அக்கோட்டின்மீது கூரிய பென்சிலால் மெல்லத் தீட்டினால், படியெடுக்கும்போது ஒளி அவ்விடத்தில் தடைப்பட்டுச் சுருக்கம் மறையும். தகட்டுக்குப் பின்னாலிருந்து ஒளி விழும்படி அமைந்த சாய்மேசை முன் அமர்ந்து, தலைமுறை தலைமுறையாகத் திருத்துநர் இதனைச் செய்து வந்தனர். தோமஸ் நோல், ஜோன் நோல் என்னும் சகோதரர் உருவாக்கிய போட்டோஷொப் மென்பொருள் 1990இல் வெளிவந்தது. 2002இல் அதிற் சேர்க்கப்பட்ட ஒரு தூரிகை, அயலிலுள்ள தோலின் இழையமைப்பை எடுத்து, திருத்தவேண்டிய இடத்தின் நிறத்தோடும் ஒளியோடும் தானே இசைவித்துக் கொடுத்தது. பென்சிலுக்கு ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டியிருந்தது. தூரிகைக்குச் சில நொடிகளே வேண்டியிருக்கின்றன. செயல் எளிதாகுந்தோறும் அதன் அறப்பொறுப்பு அரிதாகின்றது என்பது நோக்கற்பாலது.

திருத்தம் என்பதையே முற்றாக மறுப்போர் உளர். கமரா கண்டதே உண்மை. அதில் கைவைப்பதெல்லாம் பொய் என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு நேர்மையானதாகத் தோன்றும் இவ்வாதம் ஆராயுமிடத்து நில்லாது. தொடக்ககாலத் தகடுகள் நீல ஒளியையே பெரிதும் உணர்ந்தன; சிவப்பையும் மஞ்சளையும் கருமையாகப் பதித்தன. எனவே கபில நிறத் தோல் உள்ளதினும் கருமையாகப் பதிந்தது. பிற்காலத்து வண்ணப் படச்சுருளும் நடுநிலையானதாக இருக்கவில்லை. கொடாக் நிறுவனம் நிறச் சீராக்கத்துக்கு அளித்த மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத்தோற் பெண்ணின் படமே அளவுகோலாக இருந்தது. கருந்தோல் முகங்கள் விவரமிழந்து பதிந்தமை பற்றிய முறைப்பாடுகள் பயன்தரவில்லை என்றும், மரத்தளபாட உற்பத்தியாளரும் சொக்கலேற் உற்பத்தியாளரும் தத்தம் பொருள்களின் கருநிறம் சரிவரப் பதியவில்லையென முறையிட்டமையே மாற்றத்துக்கு வழிகோலியது என்றும் கனடிய ஆய்வாளர் லோர்ணா றொத் எடுத்துக்காட்டியுள்ளார். மேசைக்கும் இனிப்புக்கும் கிடைத்த நீதி மனித முகத்துக்குப் பிந்தியே கிடைத்தது.

மாம்புரிக் கரையிலும் இதுவே நிகழ்கிறது. கமராவின் ஒளிமானி, தன்முன் உள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறத்தது எனக் கருதியே கணக்கிடுகின்றது. மின்னும் கடலையும் வெண்மணலையும் அது சாம்பல் நிறமாக்க முயலும்போது, அவற்றின் நடுவே நிற்கும் கருநிற மனிதனின் முகம் இருளில் ஆழ்கிறது. அருகில் நின்று அவரைக் கண்ட எவரும் அவ்விருளைக் கண்டிலர். ஆகவே, அம்முகத்தை மீண்டும் தெளிவாக்கும் திருத்துநர் பொய் உரைக்கவில்லை; கருவி உரைத்த பொய்யைத் திருத்துகிறார்.

கைவைக்காமை தன்னளவில் அறமாகாது என்பதற்கு இலங்கையிலேயே ஒரு சான்று உண்டு. புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கமரோன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். தகட்டிலே நேர்ந்த கறையையும் கீறலையும்கூட அகற்றாது விட்டமைக்காக அக்கால விமர்சகரால் குறைகூறப்பட்டவர் அவர். இங்கிலாந்தில் அவர் படமெடுத்த டெனிசன், டார்வின் முதலியோரின் பெயர்களை உலகம் அறியும். இலங்கையில் அவர் படமெடுத்த உழைப்பாளிகளோ பெரும்பாலும் பெயரற்றவராகவே நிற்கின்றனர். படம் திருத்தப்படாதிருக்கலாம், ஆயினும் படத்திலுள்ளவருக்கு உரியது அளிக்கப்பட்டுவிட்டதாகாது.

இனி, மறுதரப்பினர் வாதத்தை நோக்கலாம். திருத்தியமை தெரியாதவாறு, இயற்கையாகத் தோன்றுமாயின் அத்திருத்தம் குற்றமற்றது என்பர் இவர். தோலை மெழுகுபோல் ஆக்காதே, நுண்துளைகளை அழிக்காதே, செய்த திருத்தத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள் என்றெல்லாம் தொழில் கற்பிப்போர் கூறும் அறிவுரைகள் பயனுடையனவே. எனினும் அவை கைத்திறனுக்கான விதிகள். அறத்துக்கான விதிகள் அல்ல. அருவருப்பாகத் திருத்திய படத்தைக் காண்பவன் ஏமாறுவதில்லை. நகைத்து அப்பாற் செல்வான். செவ்வனே திருத்திய படமே ஏமாற்ற வல்லது. கடற்றொழிலாளியின் தோலைச் சிறிதே வெளுக்கச் செய்து, நுண்துளைகளைக் காத்து, நிழல்களைப் பொருத்தி அமைத்தால், அவர் பிறப்பிலேயே அந்நிறத்தினர் என்று படம் சாதிக்கும். ஆகவே ‘இயற்கை’ என்னும் சொல் ஈண்டு உண்மையைக் குறிக்கவில்லை, கண்டுபிடிக்கப்படாமையையே குறிக்கிறது.

அவ்வாறாயின் எதனை அளவுகோலாகக் கொள்வது? திருத்துநரிடையே வழங்கும் ஒரு நடைமுறை விதி ஈண்டுத் துணைபுரிகின்றது. இரண்டு வாரங்களில் தானே மறையக்கூடியதை நீக்கலாம்; மறையாததை விட்டுவிட வேண்டும் என்பதே அது. எளிய இவ்விதியின் உள்ளே ஓர் ஆழ்ந்த வேறுபாடு அடங்கியுள்ளது. முகத்தில் வந்துபோவன உள. வாழ்ந்து பெற்றன உள. காலையிற் பட்ட வெட்டு அந்நாளுக்குரியது. கண்ணோரச் சுருக்கமோ, நாற்பது ஆண்டுகள் கடலின் ஒளியிற் கண்ணை இடுக்கிப் பார்த்ததன் பதிவு. முன்னதை நீக்குதல் ஒரு கணத்தின் தற்செயலை நீக்குதல். பின்னதை நீக்குதல் ஒரு வாழ்வின் சான்றை நீக்குதல். நல்ல உருவ ஓவியர் ஒருவரது சாயலைக் காத்துக்கொண்டே அவரை மேலும் அழகுடையராகத் தீட்டுவர் என அரிஸ்டோட்டில் தம் கவிதையியல் நூலிற் குறிப்பிடுகிறார். சாயலைக் காத்தல் என்னும் நிபந்தனையே அக்கூற்றின் உயிர்நிலை.

இவ்விதியும் தனித்து நிறைவுடையதன்று. படம் எதன்பொருட்டு, யார் முன் வைக்கப்படுகிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். வள்ளுவர் வாய்மையை நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு கூறுதல் என்ற அளவில் நிறுத்தவில்லை. பிறர்க்குத் தீங்கு விளையாமையை அதன் இலக்கணமாக்கினார். இந்நோக்கிற் பார்க்கையில், சுவரில் மாட்டும் குடும்பப் படத்துக்கும் கடவுச்சீட்டுப் படத்துக்கும் ஒரே நீதி பொருந்தாது. கடவுச்சீட்டுப் படம் அறியாதார்க்கு அளிக்கும் சாட்சி. ஆதலின் முகத்தோற்றத்தை மாற்றும் திருத்தம் எதுவும் அதில் ஏற்கப்படுவதில்லை. விளம்பரப் படமோ எண்ணற்ற இளையோர் தம் உடலை ஒப்பிட்டு வருந்துதற்கு ஏதுவாகின்றது. எனவேதான், விளம்பரங்களில் உடலமைப்பு மாற்றப்பட்ட படங்கள் திருத்தப்பட்டவை எனக் குறிக்கப்படவேண்டும் என்னும் விதி பிரான்சில் 2017இலும் நோர்வேயில் 2022இலும் நடைமுறைக்கு வந்தது.

முகத்துக்கு உரியவரே தழும்பை நீக்கவும் தோலை வெளுக்கவும் விரும்பினால் என்செய்வது என்று வினவலாம். தன் முகத்தின்மீது ஒருவருக்குள்ள உரிமையை மறுத்தல் இயலாது. விபத்தின் கொடிய நினைவைத் தழும்பிலே சுமப்பவர் அதனைக் காண விரும்பாமை குற்றமாகாது. ஆயினும் விருப்பமும் வெறுவெளியில் முளைப்பதன்று. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த சிவப்பழகுக் களிம்பொன்று தன் பெயரிலிருந்து வெண்மை குறித்த சொல்லை 2020இலேதான் நீக்கிற்று. அவ்விடைப்பட்ட 45 ஆண்டுகளில் வளர்ந்தோர் தம் நிறத்தைக் குறையெனக் கருதினால், அக்கருத்து முற்றிலும் அவர்தம் சொந்தக் கருத்தாகுமா? இந்நிலையில் திருத்துநரின் கடமை குறைந்தபட்சம் ஒன்றுண்டு: கேளாமல் வெளுக்காதிருத்தல். கேளாமலே முகத்தை வெளுப்பித்து மெருகிடும் கைத்தொலைபேசி, ஒவ்வொரு படத்திலும், உன் முகம் போதாது என்று சொல்லாமற் சொல்கின்றது.

இறுதியாக, யாவற்றினும் கடினமானதொரு நிலையைச் சுட்டுதல் தகும். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்திலே தஞ்சம் புகுந்தனர். உடைமைகளை விட்டு வந்தோர்க்குக் குடும்பப் படங்கள் பெரும்பாலும் மிஞ்சியிரா. அத்தகையோர் ஒருவரிடம், மறைந்த தந்தையின் கிழிந்து மங்கிய சிறுபடம் ஒன்று மட்டும் எஞ்சியிருக்குமாயின் அதனைப் புதுப்பித்தல் பேருதவியே. ஆனால், இன்றைய செயற்கை நுண்ணறிவு, இழந்த கண்ணையும் கன்னத்தையும் பிறர் முகங்களிலிருந்து கற்றவாறு இட்டு நிரப்புகின்றது. கிடைப்பது தெளிந்த முகம். ஆனால் தந்தையின் முகமன்று. ஒப்பிட வேறு படம் இல்லாதபோது, நாளடைவில் அப்பொய்முகமே நினைவாகிவிடும். அவ்விடத்துக் கிழிசலைக் கிழிசலாகவே விடுதல் அன்பின் பாற்பட்டது.

மேற்கூறியவற்றால், கருவியின் பிழையைத் திருத்துதல் கடன் என்பதும், கணத்தின் தற்செயலை நீக்குதல் தகும் என்பதும், வாழ்வின் பதிவை உரியவர் கேளாது அழித்தல் தகாது என்பதும் பெறப்படும். மாம்புரிக் கடற்றொழிலாளியின் படத்தில் வெட்டு நீங்கலாம். இருள் நீங்கவே வேண்டும். நிறமும் தழும்பும் சுருக்கமும் அவருடையவை. நாளை அவருடைய பேரப்பிள்ளை அப்படத்தின் முன் நின்று, இவர் யார் என்று கேட்கும். அப்போது மறுமொழி கூற அம்முகம் அங்கே இருத்தல் வேண்டும்.