டிக்கோப்பியா: தெய்வ ஆணையும் பிறப்பின் அளவும்

பிறக்கப்போகும் உயிர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வகுக்கும் உரிமை ஒரு சமூகத்துக்கு உண்டா? சாலமன் தீவுகளின் கிழக்குக் கோடியிலுள்ள டிக்கோப்பியாவில் இது அன்றாட வாழ்வின் கேள்வியாக இருந்தது. தீவின் பரப்பு ஏறத்தாழ 5 சதுர கிலோமீட்டர். அங்கே மனிதர் குடியேறிச் சுமார் 3,000 ஆண்டுகள் ஆகின்றன.

மானிடவியலாளர் ரேமண்ட் ஃபர்த் 1928-29இல் அங்கே தங்கி ஆராய்ந்தபோது மக்கள்தொகை 1,300ஐ ஒட்டி இருந்தது. மக்கள் நான்கு குலங்களாகப் பிரிந்திருந்தனர். குலத்தலைவருக்கு அரிக்கி என்று பெயர். காஃபிகா குலத் தலைவர் வள்ளிக்கிழங்குக்கும், டாஃபுவா தலைவர் தென்னைக்கும், டௌமாக்கோ தலைவர் சேப்பங்கிழங்குக்கும், ஃபங்கரேரே தலைவர் ஈரப்பலாவுக்கும் தெய்வங்களிடம் பொறுப்பேற்றிருந்தனர். அதனால் எந்தக் குலமும் தனித்துத் தன்னிறைவு கொண்டாட முடியாது. விளைச்சல் குறைந்தால் அரிக்கி அந்தப் பயிரின் மீது தாபு, அதாவது தெய்வத் தடை விதிப்பார்.

பருவந்தோறும் நடந்த ‘தெய்வங்களின் பணி’ என்ற சடங்குத் தொடரில் மக்களுக்குப் பொது ஆணை ஒன்று அறிவிக்கப்படும். திருட்டைத் தடுத்த அதே ஆணை, பிள்ளைகளை அளவோடு பெறவும் சொன்னது. வீட்டில் வாய்கள் பெருகினால் அடுத்தவர் தோட்டத்தில் கை நீளும் என்பதே அதற்குக் காரணம். குடும்ப அளவை அண்டை வீட்டாருக்குச் செய்யும் நீதியாகப் பார்த்த இந்தச் சிந்தனைதான் டிக்கோப்பிய வழக்காற்றின் உண்மையான ஆழம். மண்ணைக் காக்கவும் அவர்கள் தயங்கவில்லை. தோட்டங்களைப் பாழாக்கிய பன்றிகளைச் சுமார் 1600வாக்கில் தீவிலிருந்தே ஒழித்துவிட்டனர்.

ஆனால் சுமை எல்லார் மீதும் சமமாக விழவில்லை. மூத்தவன் பிள்ளைகளுக்கு நிலம் போதவேண்டும் என்று தம்பிகள் பலர் மணமின்றி வாழ்ந்தனர். கருத்தடை முயற்சியும் கருக்கலைப்பும் இருந்தன. சில வேளைகளில் பிறந்த சிசு உயிரோடு விடப்படவில்லை. இளைஞர் சிலர் திரும்புவது உறுதியில்லாத கடற்பயணம் புறப்பட்டனர். பழங்குடி வழக்காற்றைப் புகழ்பவர்கள் இவற்றை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. வாக்களிக்க வாயில்லாத சிசுவின் மேல் ஒரு சமூகத்தின் சமநிலையை ஏற்றுவதற்கு எந்தத் தெய்வ ஆணையும் நியாயமாகாது.

கிறித்தவ மிஷன் கருக்கலைப்பையும் சிசுக்கொலையையும் கண்டித்தது. சிசுவைப் பொறுத்தவரை அந்தக் கண்டனம் சரியானதே. எனினும் பழைய தடைகள் நீங்கிய அளவுக்கு நிலம் கூடவில்லை. ஃபர்த் 1952இல் மீண்டும் வந்தபோது மக்கள்தொகை 1,700ஐத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டும் 1953இலும் வீசிய புயல்கள் பயிர்களை அழிக்க, பஞ்சம் வந்தது. உணவுத் திருட்டு பெருகியது. 1950களின் நடுவில் எஞ்சியிருந்த பழைய சமயத் தலைவர்களும் மதம் மாற, சடங்குத் தொடர் நின்றது. பின்னர் தீவினர் பலர் ரஸ்ஸல் தீவுகள் முதலிய இடங்களில் குடியமர்ந்தனர். சடங்கு விதித்த வரம்பின் இடத்தைப் புலம்பெயர்வு எடுத்துக்கொண்டது.