தீயில் இட்டால் மது தீருமா?

சிராவகர்க்குரிய மூலகுணங்கள் எவை என வினவினால், கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் நீக்குதல் என நம் வீட்டுச் சிறுவரும் விடை கூறுவர். சமந்தபத்திர ஆசாரியர் இம்மூன்றின் நீக்கத்தை ஐந்து அணுவிரதங்களோடு சேர்த்து எட்டு மூலகுணங்களாக வகுத்தார். வேறு ஆசாரியர் சிலர் அணுவிரதங்களின் இடத்தில் ஆல், அத்தி முதலான ஐவகைப் பழங்களின் நீக்கத்தை வைத்தனர். வகுப்பு முறை வேறுபட்டாலும் கள் நீக்கம் எந்த வகுப்பிலும் விடுபடவில்லை. ஆதலின், மது அருந்தலாமா என்பது நம்மிடையே வினாவே அன்று. அருந்தாமல், உணவில் கலந்து உண்ணலாமா என்பதே இன்று நம் அடுக்களை வரை வந்து நிற்கும் வினா.

நான் வந்தவாசிப் பகுதியில் பிறந்து, பணி நிமித்தம் விருதுநகரில் குடியேறியவன். சென்ற தீபாவளிக்கு என் தமக்கையின் குடும்பத்தார் இங்கு வந்திருந்தனர். பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய நாளன்றோ அது! தமக்கையின் மகன் உணவகக் கலை பயின்றவன். அயல்நாட்டுப் பயணக் கப்பல் ஒன்றின் சமையற்கூடத்தில் பணிபுரிகிறான். ஊனைத் தொட நேரிடலாகாது என்பதற்காகவே இனிப்புப் பிரிவைக் கேட்டுப் பெற்றவன். அன்று பிற்பகல், பொழுது சாயுமுன் எல்லார்க்கும் ஓர் இனிப்புச் செய்து தருவதாகக் கூறி, சிவப்பு நாடாவும் அரக்கு முத்திரையும் உடைய ஒரு பாட்டிலைப் பையிலிருந்து எடுத்தான்.

அது கிராண்ட் மார்னியர் என்னும் பிரெஞ்சு நாட்டு மது. 1880-ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. திராட்சை மதுவைக் காய்ச்சி வடித்த கோன்யாக் பிராந்தியில், கசப்பு ஆரஞ்சுத் தோலின் சாரத்தையும் சர்க்கரையையும் கலந்து செய்வது. நூற்றுக்கு 40 பங்கு ஆல்கஹால் உடையது. மேனாட்டார் இதனைத் தனியே பருகுவர், பிற பானங்களில் கலப்பர், இனிப்புகளிலும் சேர்ப்பர். அவ்வினிப்புகளுள் பெயர்பெற்றது கிரேப் சுசெத். மெல்லிய மாத்தோசையை மடித்து, வெண்ணெய், சர்க்கரை, ஆரஞ்சுச் சாறு ஆகியவற்றில் ஊறவிட்டு, இறுதியில் இம்மதுவை ஊற்றித் தீ மூட்டுவர்.

"முட்டை சேர்க்கவில்லை, மாமா. மதுவும் எரிந்துபோகும், நீலச் சுடர் அணைந்தபின் ஆரஞ்சு மணம் மட்டுமே தங்கும். எரிந்துபோன பொருளால் என்ன தோஷம்?" என்றான் அவன். தமக்கை என் முகத்தை நோக்கினாள்.

அவ்வேளை தெருவில் ஒரு தாய் தன் மகனை அதட்டும் குரல் கேட்டது: "அணைஞ்ச வெடியைக் கையால எடுக்காதே!" சிவகாசியைச் சூழ்ந்த இப்பகுதியில் குழந்தைகள் நடக்கக் கற்கும்போதே கேட்கும் சொல் அது. திரி அணைந்திருக்கும், உள்ளே மருந்து அப்படியே இருக்கும். தீ அணைந்தது என்பதற்கு உள்ளிருந்தது எரிந்து தீர்ந்தது என்று பொருளன்று.

மதுவிலும் உண்மை இதுவே. எரிவது மேலெழும் ஆவி மட்டுமே. கலவையில் ஆல்கஹாலின் செறிவு ஓரளவு குறைந்ததும் சுடரைத் தாங்கப் போதிய ஆவி எழாது, சுடர் அணைந்துவிடும். எஞ்சியது தட்டிலேயே தங்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் 1992-இல் இதனை அளந்து வெளியிட்டனர். தீ மூட்டி அணைந்த உணவில் நூற்றுக்கு 75 பங்கு ஆல்கஹால் எஞ்சியிருந்தது. அரை மணி நேரம் வேகவைத்தால் 35 பங்கும், இரண்டரை மணி நேரம் வேகவைத்தாலும் 5 பங்கும் எஞ்சும் என்பது அவர்கள் கணக்கு.

நால்வர்க்கு 60 மில்லி லிட்டர் ஊற்றினால் அதில் ஆல்கஹால் 24 மில்லி. சுடர் அணைந்தபின் 18 மில்லி. ஒருவர் பங்கு நாலரை மில்லி. கணக்கைக் கேட்ட மருமகன் தன் கூற்றுத் தவறென உடனே ஒப்புக்கொண்டான். ஆயினும் அவனது அடுத்த வினா வலிமையுடையது. "நாலரை மில்லி யாரை மயக்கும், மாமா? கனிந்த பழத்திலும் புளித்த மாவிலும் சிறிது இருக்கத்தானே செய்கிறது? பாட்டி குடிக்கும் அரிஷ்டத்தில் அதைவிடவும் இருக்குமே?"

இவ்வினாவை எள்ளி ஒதுக்குதல் அநேகாந்தம் கற்றவர்க்கு அழகன்று. அவன் கூறிய செய்திகள் மெய்யே. அரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்யப்படுவது. அதில் தானே விளையும் ஆல்கஹால் உண்டு. அளவு ஒன்றையே கோலாகக் கொண்டால் நாம் விடையின்றி நிற்போம்.

ஆனால் நம் ஆசாரியர்கள் அளவை மட்டும் நோக்கினார் அல்லர். அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் மதுவுக்கு இரு குற்றங்கள் கூறுகிறார். அது மனத்தை மயக்கி அறத்தை மறக்கச் செய்வது. பல்லுயிர்கள் பிறக்கும் இடமாதலின் கொலைக்கும் இடமாவது. வடித்த பிராந்தியில் உயிரில்லை எனலாம். ஆயினும் வடிப்பதற்கு முன் புளித்த திராட்சைச் சாறு எண்ணற்ற நுண்ணுயிர்கள் தோன்றி மாய்ந்த இடம். மேலும், இம்சைக்கு வேர் உள்ளத்தின் விழிப்பின்மையும் பற்றுமே என்பது அவ்வாசாரியரின் அடிப்படைக் கருத்து. எனவே ஒரு பொருள் எவ்வளவு என்பதற்கு முன், அதனை எதற்காக நாடினோம் என்பது நிற்கிறது.

நோயாளி அரிஷ்டத்தில் நாடுவது நலத்தை. மது அதில் வேண்டாமலே உடன்வருவது. இட்டலி உண்பவர் நாடுவது பசியாறுதலை. பிராந்தி கலந்த இனிப்பில் நாடுவது எதனை? மணத்தை என்றான் மருமகன். நன்று, மணம் ஆரஞ்சின் தோலில் உள்ள எண்ணெயில் இருக்கிறது. அவ்வெண்ணெய் மதுவில் கரைவது போலவே நெய்யிலும் கரையும். தோலின் மேற்பகுதியை மட்டும் சீவிச் சர்க்கரையோடு கசக்கினால் மணம் கமழும். மணமே வேண்டும் எனில் மது வேண்டுவதில்லை. மணம் கிடைத்தபின்னும் ஏதோ குறைகிறது என மனம் ஏங்குமாயின், அது நாடியது ஆரஞ்சை அன்று; மதுவையே. நம்மை நாமே சோதித்துக்கொள்ள இதனினும் எளிய வழி எனக்குத் தோன்றவில்லை.

இச்சோதனையை நமக்காகப் பிறர் செய்யமாட்டார். பொட்டலங்களில் உள்ள பச்சைப் புள்ளியை நம்பி வாங்குகிறோம். 2001-இல் வந்த அம்முறை ஊனையும் முட்டையையும் மட்டுமே விலக்குகிறது. தேனையும் மதுவையும் விலக்குவதன்று. மது பாட்டில்களிலேயே அப்புள்ளியைக் காணலாம். மூன்று நீக்கங்களுள் ஒன்றுக்கே அது காவல். 2022-இல் கோயம்புத்தூரில் மது கலந்த பனிக்கூழ் விற்ற கடையொன்று மூடப்பட்ட செய்தியை வாசகர் மறந்திரார். கேக், சாக்லேட், பனிக்கூழ் ஆகியவற்றை வாங்குமுன் உட்பொருள்களைப் படித்தலும், விருந்தில் கேட்டு அறிதலும் நம் பொறுப்பே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். விருதுநகர் காமராசர் பிறந்த ஊர். அவர் முதலமைச்சராயிருந்த 1954 முதல் 1963 வரை மாநிலத்தில் மதுவிலக்கு நடப்பில் இருந்தது. 1971-இல் அது நீங்கியது. பின்பு மீண்டு வந்தும் நிலைபெறவில்லை. 2003 முதல் அரசு நிறுவனமே மதுவைச் சில்லறையில் விற்கிறது. மருந்தைக் கையாண்டு கூலி பெற்றவர், அக்கூலியை மாலையில் அக்கடையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவதைக் கண்டு முகஞ்சுளிக்கிறோம். அவர் வாங்கிய பாட்டிலிலும் பிராந்தி. சிவப்பு நாடா கட்டிய பாட்டிலிலும் பிராந்தி. விலையும் மணமும் வேறாதலால் ஒன்று இழிவும் மற்றது நாகரிகமும் ஆகுமா? உழைத்துக் களைத்தவனைப் பழித்த நாவால் இதனைச் சுவைத்தால், அவனுக்கு அறம் கூறும் தகுதியை இழப்போம்.

மருமகன் பாட்டிலைப் பைக்குள் வைத்தான். நெய்யிலும் ஆரஞ்சுத் தோலிலும் அவ்வினிப்பைச் செய்தான். கதிரவன் மறையுமுன் அனைவரும் உண்டோம். பின்பு தனித்திருந்தபோது மெல்லக் கேட்டான்: "கப்பலில் பிறர்க்கு இதை நாள்தோறும் செய்கிறேனே, அதற்கு என்ன வழி, மாமா?"

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்று வாயில்களாலும் வினை வந்து சேரும் என்பது நம் ஆகமம். அதனை மறைத்து அவனுக்கு ஆறுதல் கூற எனக்கு மனம் வரவில்லை. கடன் பெற்றுப் படித்த பிள்ளையை, நாளையே வேலையை விடு என்று கூறவும் நா எழவில்லை. "உடன்படுதல் என்னும் வாயிலை இன்றே அடைத்துவிடலாம், அப்பா. எரிந்துபோகும், தோஷமில்லை என்று உனக்கே சொல்லிக்கொள்ளாதே. குற்றம் குற்றமாகத் தெரிந்துகொண்டிருந்தால் வேறு வழி தேடும் எண்ணம் அணையாது" என்றேன்.

பணிக்காலம் முடிந்ததும் மது சேராத இனிப்பகம் ஒன்றில் வேலை தேடுவதாகக் கூறிச் சென்றிருக்கிறான். அவன் வினாவுக்கு இதனினும் நல்ல விடை அறிந்த பெரியோர் எழுதுவார்களாக. நம் பிள்ளைகள் பலர்க்கு அது பயன்படும்.